ஈரப்புடவை காயும் தூரம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முன்பு ஒரு தடவை ஒரே ஒரு வரியைத் தப்பாக எழுதினேன், அந்த ஒரு வரியில் ஒரு தெரு முழுக்க நசுங்கிப்போய், அதில் குடியிருந்த நாற்பத்தேழு வீட்டுக்காரர்களும் நாலு மாதம் ஒருக்களித்தபடியே தங்கள் வாசலுக்குள் போய்வந்தார்கள். அதனால் இந்தக் கதையை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. ஒரு வரி எழுதுவேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், திரும்பி வந்து அந்த வரியால் யாருக்காவது ஏதாவது ஆகுமா என்று யோசிப்பேன். என் மகள் தேன்மொழி, "எழுதும்மா, கதைதானே" என்கிறாள். அன்றைக்கும் வெறும் பஸ் ரூட்தானே என்றுதான் எழுதினேன்.

என் பெயர் பவளக்கொடி. வயது ஐம்பத்திரண்டு, படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும். திருமங்கலத்தில் கோயில் சுற்றுலா பஸ் நடத்துகிற ஒருவரிடம் பதினெட்டு வருஷம் சமையலுக்குப் போனேன். பஸ்ஸின் கடைசி சீட்டில், பின்சக்கரத்துக்கு மேலே, மடியில் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்து உரித்துக்கொண்டே நான் பார்க்காத ஊர் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்கள் கோபுரத்தின் உயரத்தையா கேட்பார்கள்? பாத்ரூம் எங்கே, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கால் சுடாமல் எந்தப் பக்கமாகச் சுற்றி வருவது, எந்த ஓட்டலில் சாம்பார் நேற்று வைத்தது, இதைத்தான் கேட்பார்கள், இதை எந்தப் புத்தகமும் சொல்லாது. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டதை எழுதி வைக்கச் சொல்லி, தேன்மொழிதான் என் போனில் 'போயிட்டு வந்தேன்' என்று ஒரு வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி நூற்று நாற்பது ஊர் எழுதினேன். பல்லாயிரம் பேர் படிக்கிறார்கள் என்றாள் மகள். அத்தனை பேரில் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். "நீங்கள் அடையாளம் சொன்ன வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள், இதையெல்லாம் பார்த்து எழுத மாட்டீர்களா" என்று கேட்டவர்களை எண்ண முடியாது. ஒவ்வொரு ஊரை எழுதிய பிறகும், இடது பக்கம் என்று போட்டேனா வலது பக்கம் என்று போட்டேனா என்று மறுபடி மறுபடி போனைத் திறந்து பார்ப்பேன்.

செந்நெல்மடைக்கு நான் போனது ஒரு மாசி மாதம். சிவகங்கைப் பக்கத்துச் சின்ன ஊர், அங்கே ஒரு குளம், அதில் குளித்தால் தோல் வியாதி தீரும் என்று வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து குளம் வரைக்கும் வளைவே இல்லாத ஒரே தெரு, அதற்குக் குளத்து ரோடு என்று பெயர். எப்போதும் நான் ஒவ்வொரு வழியையும் நடந்து பார்த்துத்தான் எழுதுவேன். அன்றைக்குப் புதுச்செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது.

ஆட்டோ ஸ்டாண்டில் ஆரோக்கியம் என்ற டிரைவர் நின்றிருந்தார். "குளத்துக்கு நடந்தா எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டேன்.

"அரை மணி நேரம் ஆகும்க்கா. இந்த வெயில்ல எங்க நடக்கப் போறீங்க, ஏறுங்க."

கால் வலிக்காக ஏறினேனே தவிர அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எந்த ஊர் ஆட்டோக்காரர் பக்கம் என்று சொல்லியிருக்கிறார்? பாதி வழியில் ஒரு புங்கமரத்தடியில் பணியாரக் கடை இருந்தது. கடைக்காரி பெயர் வைரம், என்னைவிட நாலைந்து வயது இளையவள், வீடும் கடையும் ஒன்றுதான். பணியாரத்தைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தவளிடம், "பஸ் ஸ்டாண்டுல இருந்து குளத்துக்கு நடந்தே போயிரலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமாப் போகலாம்க்கா. இந்தா இருக்கு குளம். அஞ்சு நிமிஷம்."

டீ குடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் சிரித்தார். பொய் அம்பலமானதற்காகச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இப்படி எழுதினேன்: 'பஸ் ஸ்டாண்டிலிருந்து குளம் ஐந்து நிமிட நடை. ஆட்டோக்காரர்கள் அரை மணி நேரம் என்பார்கள், நம்ப வேண்டாம்.'

அந்தப் பதிவைத்தான் ஊர் ஊராகப் பெண்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஆயிரம் பேர் படித்து, ஆயிரம் பேர் ஐந்து நிமிடத்தில் குளம் வந்துவிடும் என்று நம்பி பஸ்ஸை விட்டு இறங்கி இறங்கி நடந்ததில், சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளத்து ரோடு ஐந்து நிமிட நடைக்கு வந்துவிட்டது.

தெரு நசுங்கியபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பால்காரர்தான் முதலில் கவனித்திருக்கிறார், பால் ஊற்றி முடித்தும் பொழுது சரியாக விடியவில்லையே என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடப்பார்கள், பதினாறாம் வாய்ப்பாடு முடியும்போது பள்ளிக்கூடம் வரும். அன்றைக்கு மூன்றாம் வாய்ப்பாட்டிலேயே வாத்தியார் எதிரே நின்றார். குளத்தில் குளித்த பெண்கள் வீட்டுக்குள் சொட்டச் சொட்ட நுழைந்து மாமியாரிடம் பேச்சு வாங்கினார்கள். யாராவது இறந்தால் பாடையைப் பாதி வழியில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி மறுபடி தூக்குவது அந்த ஊர் வழக்கம், அந்தப் பாதி வழி வைரம் கடைப் புங்கமரத்தடிதான்; வைகாசியில் ஒரு பெரியவர் போனபோது, அழுதுகொண்டே வந்தவர்கள் பாதி வழியில் இறக்க மறந்து மயானத்துக்கே போய்விட, வந்த வழியே திரும்பிவந்து இறக்கி மாற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் நடக்கிறவர்களுக்கு இதனால் சுகம்தான். குடியிருப்பவர்களுக்குத்தான் வந்தது வினை. தெரு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியபோது அதன் இரண்டு பக்கத்து வீடுகளும் சேர்ந்து சுருங்கின, பன்னிரண்டு அடி அகலத்துக்கு இருந்த வீடு இரண்டு அடிக்கு வந்தது, வாசல் இரண்டு சாண் ஆயிற்று. உள்ளே நீளம் மட்டும் அப்படியே இருந்தது. ஆட்கள் சுருங்கவில்லை. ஒருக்களித்து நுழைந்தார்கள், ஒருக்களித்துப் படுத்தார்கள், ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து பஸ்ஸில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்கள், மாட்டைத் திருப்ப முடியாமல் பின்னுக்கு நடக்கப் பழக்கினார்கள். இரண்டு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது. பஞ்சாயத்தில் மனு கொடுத்ததற்கு, அளந்து பார்க்க ஆள் வரும் என்றார்கள். வந்த ஆள் அளந்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆடி மாதம் ஒரு பகலில், வலைப்பூவில் இருந்த என் நம்பரைப் பார்த்து வைரம் போன் செய்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன், யாரு?"

"உங்க வீட்டு வாசல் எத்தனை அடிக்கா?"

எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல், மூன்று அடி இருக்கும் என்றேன்.

"கொடுத்து வச்சவுக," என்றாள். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒரே மகள், அழகுநாச்சி. புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு ஆவணி இருபதாம் தேதி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "நானெல்லாம் ஒருக்களிச்சுப் போயிருவேன். ஏழு மாசத்து வயித்தோட எம் மக எப்படிக்கா ஒருக்களிப்பா? எந்தப் பக்கம் திரும்பினாலும் வயிறுதானே முன்னாடி நிக்கும்?"

நான் பயந்துபோய்த் தேன்மொழியைக் கூப்பிட்டு, ஐந்து நிமிடத்தை அழித்து அரை மணி நேரம் என்று போடச் சொன்னேன். போட்டாள். தெரு அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. நான் செந்நெல்மடைக்கு பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் தெருவே வாசலுக்கு வந்தது, ஒவ்வொரு வாசலிலும் பாதி ஆள் தெரிந்தது. வைரம் கடைக்கு எதிர்வீட்டு சிட்டு என்பவள், "இவுகதானா அது? ஆளு நல்லா அகலமாத்தான் இருக்காக," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"நீதானே வைரம் அஞ்சு நிமிஷம்னு சொன்னே?" என்று கேட்டேன். எனக்கும் ஆத்திரம் இருந்தது.

"சொன்னேன். ஊருல யாரு வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவோம். எங்கப்பாவும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்லுவாரு. பாவம், நடக்கப் போறவுககிட்ட தூரம்னு சொன்னா கால் ஓயாதா? சொல்றது வேற, எழுதறது வேறக்கா. சொன்னதை யாராவது எழுதுவாங்களா?"

"இப்ப அரை மணி நேரம்னு மாத்திட்டேனே. ஏன் தெரு நீளல?"

ஆரோக்கியம் ஆட்டோவில் சாய்ந்தபடி சொன்னார்: "அந்த அரை மணி நேரம் யாரு சொன்னதுக்கா? நான் சொன்னது. ஆட்டோக்காரன் சொல்றதை நம்பாதீங்கன்னு நீங்களே எழுதிட்டீங்க. இப்ப நான் சொன்னதையே எழுதினா ரோடு எப்படி நம்பும்? அன்னைக்கும் கேட்டு எழுதுனீங்க, இன்னைக்கும் கேட்டு எழுதுறீங்க. ஒரு தடவையாச்சும் நடந்தீங்களா?"

நடந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து குளத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று, வேறு எப்படி ஆகும்? பழைய தூரத்தை அளக்கப் பழைய தெரு இல்லை. குளத்துப் படியில் உட்கார்ந்து எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன், முன்னால் எவ்வளவு தூரம் இருந்தது என்று. ஒருத்தி சொன்னாள், இங்கே முங்கி எழுந்து நடந்தால் பஸ் ஸ்டாண்டு போகும்போது கட்டின புடவை காய்ந்திருக்கும் என்று. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சிட்டுவும் துணி மூட்டையோடு வந்து, ஆமாம் என்றாள்.

கட்டியிருந்த நூல்புடவையோடு குளத்தில் இறங்கி முங்கினேன். எழுந்து நடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் குளத்துக்குத் திரும்பி, குளத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வாசல்தோறும் பாதி பாதி ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, குதிகால் பழையபடி உரிய, தெருவை ஆறு முறை நடந்தேன். ஆறாவது முறை முடிந்தபோது முந்தானை நுனியும் காய்ந்திருந்தது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினேன்: 'பஸ் ஸ்டாண்டிலிருந்து குளம், ஈரப்புடவை காயும் தூரம். நானே நடந்து பார்த்தேன்.'

வைரம் பணியாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது இரண்டு கையையும் வீசி நேராக வாசல் வழியாக வந்தாள். வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய் மறுபடி வெளியே வந்தாள், இப்படி நாலு தடவை. ஆவணி இருபதாம் தேதி அழகுநாச்சி கை நிறைய வளையலோடு, வயிற்றை முன்னே விட்டு, வாசலுக்குள் நேராக நுழைந்தாள்.

அதோடு முடிந்தது என்று நான் பஸ் ஏறியிருந்தால் என் பாட்டில் போயிருப்பேன். வைரம் விடவில்லை. "புள்ளை பிறக்கற வரைக்கும் இங்கேயே இருங்கக்கா. நீங்க எழுதினதுக்கு நீங்கதான் காவல்," என்றாள். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் என் பையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். இரண்டு மாதம் அவளோடு மாவரைத்தேன்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்தது. ஈரப்புடவை ஆடியில் காய்கிற மாதிரி ஐப்பசியில் காயுமா? அதை யோசிக்க எனக்குப் புத்தியில்லை. முதல் நாள் மழையில் தெரு ஒரு மணி நேர நடை ஆயிற்று, இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம், மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் தூக்குவாளியில் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வீடுகள் கல்யாண மண்டபம் மாதிரி அகன்றன, அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அறையில் இருப்பவருக்குக் கேட்கவில்லை. சிட்டு, "ஒரு வீட்டைக் கூட்டி முடிக்க ஒரு பொழுது ஆவுது, நசுங்கியே கிடந்திருக்கலாம்," என்று என் காதில் விழும்படி சொன்னாள்.

நாலாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு அழகுநாச்சிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். ஆரோக்கியம் ஆட்டோவைக் கொண்டுவந்தார், சேற்றில் சக்கரம் சிக்கியதை நானும் சிட்டுவும் நனைந்துகொண்டே தள்ளிவிட்டோம். வைரம் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் கழித்து அவளிடமிருந்து போன்.

"இன்னும் ரைஸ் மில்லே வரலைக்கா. போகப் போக ரோடு நீண்டுக்கிட்டே போவுது. இவ தாங்க மாட்டா. அந்த வரியை மாத்துங்கக்கா."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதுவது? பக்கம் என்று எழுதினால் ஆட்டோவும் சேர்ந்து நசுங்குமா? எழுதியதையே அழித்துவிட்டால் தெருவே இல்லாமல் போய், அதில் போய்க்கொண்டிருக்கிறவர்கள் எங்கே நிற்பார்கள்? மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தப்பாகப் போனவள் நான். போனைப் பணியார மாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அப்போதுதான் என் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன்.

வைரத்தின் நைட்டியை மாட்டிக்கொண்டு, அவிழ்த்த ஈரப்புடவையைப் பிழிந்து, கனல் இருந்த பணியார அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்தேன். எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன், கட்டியிருக்கிற ஈரப்புடவை எதுவானாலும் அடுப்பில் காட்டச் சொல்லி.

சிட்டு எட்டிப் பார்த்தாள். "புடவை தீஞ்சா தெருவும் தீஞ்சிருமா?"

"தீயாமப் பார்த்துக்க."

"காய்ஞ்சா வீடு மறுபடி நசுங்குமே?"

"நசுங்கும்," என்றேன்.

அவள் ஒரு கணம் தன் வீட்டை, அகன்று கிடந்த அந்த வாசலைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள். சொல்லச் சொல்லச் செய்தி வீடு வீடாகப் போயிற்று. விறகு அடுப்பு வைத்திருந்தவர்கள் விறகு அடுப்பில் காட்டினார்கள், தேய்ப்புக்காரர் பெட்டியில் கரி போட்டு ஊதினார், ஒரு வீட்டில் தலை காய வைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தைகளையும் படுத்திருந்தவர்களையும் முதலில் மழையில் வெளியே கொண்டுவந்து குடைக்குக் கீழே உட்காரவைத்தார்கள், ஏனென்றால் உள்ளே இருந்தால் சுவர் வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். நாற்பத்தேழு வீட்டு வாசலிலும் புகையும் ஆவியும். புடவை ஒரு சாண் காய்ந்தால் தெரு ஒரு விளக்குக் கம்பத்துத் தூரம் குறைந்தது. முதுகுக்குப் பின்னால் நிலைப்படி நெருங்கி வருவதை ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள், பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. என் புடவை முந்தானைக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டின் ஹாரன் பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியம் போன் செய்தார்.

"உள்ளே கொண்டு போயிட்டாங்கக்கா. போதும், நிறுத்துங்க. என் ஆட்டோ ரெண்டு சாண் ஆயிருச்சு."

எல்லாரும் புடவைகளை மழையில் எறிந்தோம். அவை நனைய நனைய வீடுகள் பெருமூச்சு விடுகிற மாதிரி அகன்றன. சாயங்காலம் நாலரைக்குப் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ. என் பெயரை வைப்பார்களோ என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. "ஒரு பவளக்கொடி போதும்க்கா," என்று சொல்லி வைரம் என் பையைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள்.

அந்த வரியை எடுத்துவிடவா என்று கிளம்பும்போது கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். எடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, இது என்ன செய்யும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கரிப்பெட்டியும் ஓர் ஈரப்புடவையும் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அவசரமாக யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் தேய்ப்பார்களாம்.

நான் ஊருக்கு வந்ததும் தேன்மொழியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மற்ற நூற்று முப்பத்தொன்பது ஊர்களிலும் நான் எழுதியிருந்த நிமிடங்களை, பர்லாங்குகளை, எட்டு வைத்தால் வந்துவிடும் என்பதை, கூப்பிடுதூரம் என்பதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அழித்தேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அழித்த இடத்தில் எல்லாம் 'இறங்கி விசாரித்துக்கொள்ளவும்' என்று போட்டோம். விசாரித்துக்கொள்வதற்கு நீ எதற்கு என்று திட்டினார்கள், பாதிப் பேர் படிப்பதை விட்டுவிட்டார்கள். இருக்கட்டும்.

இன்னும் சிலர் போன் செய்கிறார்கள். அம்மா, அந்தக் கோயிலுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார்கள். குரலிலேயே களைப்புத் தெரியும், கையில் பை இருக்கும், கூடவே யாராவது முழங்கால் வலிக்காரர் இருப்பார். நான் முதலில், இதை எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்பேன். இல்லை, சும்மாதான் கேட்கிறேன் என்பார்கள். கையில் பேனா இல்லையே என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வேன். அதன் பிறகுதான் சொல்வேன், இந்தா இருக்கு, அஞ்சு நிமிஷம் என்று.